பெட்டிக்கு ஒரு சீட்டு



பிள்ளைக்கு ஆசையோடு ஒரு விளையாட்டுக் கோச்சி வாங்கிக் கொடுக்கிறீர்கள். முதல் நாள் வீடே அமர்க்களம். வட்டத் தண்டவாளத்தில் அது சுற்றிச் சுற்றி ஓடுகிறது. இரண்டு கிழமை போனதும் அலுமாரிக்கு மேலே தூசு படிந்து கிடக்கிறது. "காசைக் கொட்டி வாங்கித் தந்தது இதற்குத்தானா?" என்று ஏசுகிறீர்கள். குற்றம் பிள்ளையிலா? எங்குமே போகாத கோச்சியை எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

இந்தச் சலிப்பு பெரியவர்களுக்கும் வருவதுண்டு. அமெரிக்காவில் மாதிரிப் புகையிரதம் அமைப்பது பெரியவர்களின் பொழுதுபோக்கு. அசலை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி, மலை, பாலம், ஆலை, நிலையம் என்று அறை நிறையக் கட்டுவோர் பலர். கட்டி முடித்த பின்னர் 'இனி என்ன?' என்ற கேள்வி எழும். அதற்கான விடையை உண்மையான புகையிரதத்தின் கடதாசிகளிலே கண்டார்கள்.

அங்கே சரக்கேற்றிய பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிச்சீட்டு உண்டு. என்ன சரக்கு, யார் அனுப்பியது, யாருக்கு, எந்த வழியாக என்பதெல்லாம் அதில் இருக்கும். கணினி வருமுன் அந்தச் சீட்டுக்களும் பொறுப்பாளரின் கையில் வண்டியோடு பயணம் செய்தன. இதை விளையாட்டுக்கு ஏற்றதாக்கி, 1961இல் டக் ஸ்மித் என்பவர் 'மொடல் ரெயில்ரோடர்' சஞ்சிகையில் ஒரு முறையை விளக்கினார்.

முறை எளிது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மட்டை. அதில் பெட்டியின் வகையும் இலக்கமும் எழுதப்படும். மட்டையின் அடியில் ஒரு சிறு பை, அதற்குள் வழிச்சீட்டு. சீட்டின் இரு பக்கத்திலும், மேலும் கீழுமாக நான்கு பயணங்கள் எழுதலாம். ஒரு பயணம் முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்த பயணம் தயார். இன்று ஆலைக்குக் கோதுமை கொண்டுபோன பெட்டி, நாளை வெறுமையாகத் திரும்பும். சீட்டு மாறினால் ஆலைக்குக் கோதுமை வராது; பெட்டி வேறெங்கோ காத்துக் கிடக்கும்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை, சகோதரி. கோச்சி இல்லாவிட்டால் தீப்பெட்டிகளே போதும். பழைய பிஸ்கட் பெட்டியை வெட்டி மட்டைகள் செய்யுங்கள். மேசையின் ஒரு மூலை துறைமுகம், மறு மூலை ஆலை, நடுவிலே சந்தை. சீட்டுக்களைப் பிள்ளைகளே எழுதட்டும். கையெழுத்தும் கணக்கும் ஒழுங்கும் தாமாகவே வரும்.

இரண்டு விடயங்களை மட்டும் கவனியுங்கள். கோச்சி என்றால் மகனுக்குத்தான் என்று ஒதுக்கி, மகளைப் பார்வையாளராக உட்கார வைக்காதீர்கள். சீட்டுக்களின் பொறுப்பை ஒரு நாள் அவளிடம் கொடுங்கள். பெட்டி தவறான இடத்துக்குப் போய்விட்டால் ஓடிப்போய் எடுத்து வைக்கவும் வேண்டாம். சீட்டைப் பார்த்து அவர்களே தேடட்டும். தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய பிள்ளை, அதை இலேசில் மறக்காது.