கைக்கு எட்டும் தூரம்

பட்டு நெய்யும் ஆரணிக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒன்றுமில்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் நாம் சென்னைக்கோ புதுவைக்கோ பஸ் ஏறவேண்டும். ஆனால் வீட்டில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ள, மிச்சத்தில் பாத்திரமும் படுக்கையும் நூலும் ஒண்டியிருப்பதை நித்தம் காண்கிற நமக்குப் பாய்ப்படகின் உட்புறத் தச்சு வேலை அந்நிய விஷயமாகத் தோன்றவில்லை.

பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு 'ஸுஹைலி'. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் அதில் 1968 ஜூன் முதல் 312 நாள், எத்துறையிலும் நில்லாமல் தன்னந்தனியே உலகைச் சுற்றினார். அவ்வளவு நாளைக்கும் வேண்டிய ஆகாரம் அதற்குள்தான்! அந்தச் செப்டம்பரில் ஓர் இரவு அலையொன்று படகைப் புரட்டியபோது, தூங்கிக்கொண்டிருந்தவர் மேல் சாமான்கள் குவியலாக விழுந்தன.

வீட்டு அலமாரி சாய்வதில்லை. படகு அலமாரி எந்நேரமும் சாய்கிறது. ஆகையால் தட்டுகளின் ஓரத்தில் உயர்ந்த விளிம்புக் கட்டை வைக்கிறார்கள். இழுப்பறையின் அடியில் சிறு பள்ளம் வெட்டி, சட்டத்தின்மேல் விழுந்து அமரும்படி செய்கிறார்கள். சற்றே தூக்கி இழுத்தால்தான் அது வெளிவரும். என்ன எளிய யுக்தி! கனமான டப்பாக்களுக்குப் படுக்கைப் பலகையின் கீழே, படகின் நடுவை ஒட்டி இடம். கதவுகளில் துளையிட்டுக் காற்று விடாவிட்டால் எல்லாம் பூஞ்சணம் பூத்துவிடும். முக்கியமானது ஒன்றுண்டு: உட்பலகைகளை ஆணி அறைந்து நிரந்தரமாக மூடலாகாது. எங்கே தண்ணீர் கசிந்தாலும் திருகாணியைக் கழற்றிப் பார்க்க வழி வேண்டும். நம் வீட்டுச் சமையல் மேடையின் அடியைத் தச்சர் ஒருவர் வெகு அழகாக மூடித் தந்தார். குழாய் கசிந்த அன்று அத்தனை அழகையும் கோடாலியால் பிளந்தோம்!

ஆயினும் இடம் இருந்தால் மட்டும் போதாது. 'ஸுஹைலி'யின் அச்சாகக் கோவாவில் கட்டிய 'துரியா'வில், 2018-ல் உலகைச் சுற்றும் பந்தயத்துக்குப் புறப்பட்டார் நம் கடற்படையைச் சேர்ந்த அபிலாஷ் டாமி. ஆஸ்திரேலியாவின் மேற்கே சுமார் 1,900 கடல் மைலில், செப்டம்பர் 21-ல் புயல் தாக்கிப் பாய்மரம் முறிந்தது. அவர் முதுகெலும்பிலும் அடிபட்டது. படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இன்னொரு ஸாடலைட் டெலிபோன் அபாயகாலப் பையில் பத்திரமாக இருந்தது. சின்னஞ்சிறு படகில் அது எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? ஆனாலும் அவர் கை அதற்கு எட்டவில்லை. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பலான 'ஒஸிரிஸ்' வந்து அவரை மீட்டது. பின்னர் 2022-ல் அவர் அதே பந்தயத்துக்கு மறுபடியும் புறப்பட்டு, 2023-ல் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்த இரவு, நாம் படுத்தபடியே கையை நீட்டிப் பார்த்தோம். டார்ச் விளக்கு எட்டவில்லை. மாத்திரை டப்பா எட்டவில்லை. டெலிபோன் கூடத்தில் இருந்தது. மறுநாள் தச்சரை வரவழைத்துக் கட்டில் தலைமாட்டில் ஒரு தட்டு அடிக்கச் சொன்னோம்.

"விளிம்புக் கட்டை எதற்கு ஸார்? கட்டில் என்ன ஆடவா போகிறது?" என்றார் அவர்.

இருந்தாலும் வைக்கச் சொல்லிவிட்டோம்.