பெஹர் வெட்டிய பக்கங்கள்

ஜோஹன்னஸ் ஆர். பெஹரைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு தரப்பார் உடனே முன்வருகிறார்கள். நல்ல கவிஞனைக் கட்சி கெடுத்துவிட்டது என்பார்கள் ஒரு தரப்பார். அவர் பதவியில் இருந்ததால்தான் கிழக்கு ஜெர்மனியில் இலக்கியம் அவ்வளவாவது பிழைத்தது என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிற பேச்சு.

கட்சி கெடுப்பதற்கு அவர் ஒன்றும் விவரமறியாத பிள்ளை இல்லை. 1891ல் ம்யூனிக்கில் பிறந்தவர். எக்ஸ்பிரஷனிஸ்ட் கவிஞராக வாக்கியத்தையே உடைத்துப் போட்டவர். எழுத்துக்காக 1920களில் ராஜத்துரோக வழக்கைச் சந்தித்தவர். 1935லிருந்து மாஸ்கோவில், சக அகதிகள் கைதாகிக் காணாமற்போன வருஷங்களைப் பார்த்தவர். 1945ல் பெர்லின் திரும்பிக் கலாசாரக் கழகத் தலைவரானார். பிறகு கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர், 1949ல் தேசிய கீதத்தின் ஆசிரியர், 1954ல் நாட்டின் முதல் கலாசார மந்திரி.

அவுஃப்பாவ் பதிப்பகத்துக்கும் 'ஸின் உண்ட் ஃபோர்ம்' பத்திரிகைக்கும் வித்திட்டவர்களில் அவரும் ஒருவர். மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளே இருந்து காப்பாற்றலாம் என்ற வாதத்துக்கு ஒரு பரீட்சை வந்தது. 1956ல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது லூக்காச்சின் உயிருக்கு ஆபத்து என்று பயந்து, அவரை பூடாபெஸ்டிலிருந்து அழைத்துவர அன்னா ஸெகர்ஸும் பெஹரும் யோசித்தார்கள். போக இருந்தவர் அவுஃப்பாவின் தலைவர் வால்டர் யான்கா. உல்பிரிஹ்ட் தடுத்துவிட்டார். யான்கா அவ்வருஷ டிசம்பரில் கைதானார். 1957 ஜூலையில் ஐந்து வருஷச் சிறை. லூக்காச் விவகாரமும் தனக்கு எதிரான குற்றச்சாட்டானது என்றும், உண்மை தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை என்றும் யான்கா 1989ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதினார். காப்பாற்றப்பட வேண்டிய ஆள் கூண்டில் நின்றபோது மந்திரியின் செல்வாக்கு எங்கே போயிற்று? 1958ல் பெஹர் உல்பிரிஹ்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அவ்வருஷ அக்டோபரில் இறந்தார்.

அவருக்கு உண்மை தெரியவில்லை என்று வாதாடவும் வழியில்லை. 1957ல் வந்த கவிதை பற்றிய தன் நூலிலிருந்து அவர் சில பகுதிகளைத் தானே நீக்கியிருந்தார். சோஷலிசம் மனித துக்கத்துக்கு முடிவு கட்டிவிடும் என்று நம்பியதே தன் வாழ்வின் அடிப்படைப் பிழை என்று அங்கே எழுதியிருந்தார். ஸ்டாலின் காலத்துக் கொடுமைகள் விஷயத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தப்பிக்க முடியாது என்றும் எழுதியிருந்தார். இதை வெட்ட வெளியிலிருந்து தணிக்கை அதிகாரி வரவேண்டியிருக்கவில்லை. மந்திரியும் கவிஞனும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பகுதிகள் அச்சேறியது 1988ல், அதே 'ஸின் உண்ட் ஃபோர்ம்' இதழில்.

1970களின் தொடக்கத்திலிருந்து அவருடைய கீதத்தையும் அரசு வார்த்தையில்லாமல் வெறும் மெட்டாகவே வாசித்தது. ஒன்றுபட்ட ஜெர்மனி என்ற பேச்சு அதில் இருந்ததால். இதைக் கவிஞனுக்கு நேர்ந்த கொடுமை என்று அனுதாபப்படுகிறார்கள். தன் வார்த்தையை வெட்டலாம் என்று அரசுக்கு முன்னதாகவே காட்டிக்கொடுத்தவர் அவர்தான். பெஹரை எடைபோட வருகிறவர்கள் அவர் வகித்த பதவிகளை ஒதுக்கிவிட்டு, அவர் வெட்டிய பக்கங்களிலிருந்து ஆரம்பிக்கட்டும்.