மேல் அணை உடைந்தால் கீழ் அணை என்ன ஆகும்? 2021 வெள்ளம் சொல்லும் கணக்கு

2021 நவம்பர் 18. திருப்பதி தெருக்களில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடிய வீடியோக்கள் உங்க போனுக்கும் வந்திருக்கும். ஆனா அந்த மழையின் பெரிய பாடம் பக்கத்து மாவட்டத்தில் இருக்கு.

என்ன நடந்தது?

அன்றைய சித்தூர் மாவட்ட மலைகளில் கொட்டிய மழை, வடக்கே கடப்பா மாவட்டத்துக்குள் பாய்ந்தது. அங்கே மேலே பிஞ்சா அணை; கீழே, செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணை. முதலில் பிஞ்சாவின் கரை உடைந்தது. நவம்பர் 19 அதிகாலை அன்னமய்யாவும் உடைந்தது. ராஜம்பேட்டை அருகே கிராமங்களில் பலர் உயிரிழந்தனர்.

ஏன் தாங்கவில்லை?

அன்னமய்யா வெளியேற்றக்கூடியது விநாடிக்கு 2.17 லட்சம் கனஅடி. வந்ததோ சுமார் 3.2 லட்சம். போதாததற்கு, ஐந்து ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்று அப்போதைய மத்திய அமைச்சர் ஷெகாவத் மாநிலங்களவையில் சொன்னார்.

அடுக்கு அமைப்பே தப்பா?

இல்லை. ராயலசீமாவின் ஏரிகளும் இப்படி அடுக்காக அமைந்தவைதான். மேல் ஏரி நிரம்பி, கலிங்கு வழியாக வழிவது கீழ் ஏரிக்குப் போகும். சாதாரண மழையில் ஒரு சொட்டுகூட வீணாகாது. சிக்கல், பல வாரத்து மழை ஒரே நாளில் பெய்யும்போதுதான். மேலே ஒன்று உடைந்தால் மழைநீரோடு அதன் தேக்கமும் சேர்ந்து கீழே வரும். ஒவ்வொரு படியிலும் சுமை கூடும்.

ராயலசெருவு எப்படித் தப்பியது?

திருப்பதி அருகே உள்ள இந்தப் பழைய ஏரியின் கரையில் நவம்பர் 21 அன்று கசிவு தெரிந்தது. கீழே இருந்த கிராமங்கள் காலி செய்யப்பட்டன. மணல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. கரை நின்றது. இங்கே கசிவாகத் தொடங்கியதால் செயல்பட நேரம் கிடைத்தது. அன்னமய்யாவில் அந்த நேரம் கிடைக்கவில்லை.

இப்போ என்ன மாறணும்?

அதே டிசம்பரில் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவசரகாலச் செயல்திட்டம் இப்போது கட்டாயம். ஆனா 10 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள அணைகள் அதில் வராது. நம்ம ஏரிகளில் பெரும்பாலானவை அந்த ரகம். அதனால் மூணு வேலை பாக்கி: மேல் அணை உடைந்தாலும் தாங்குமா என்று கீழ் அணையின் கொள்ளளவைச் சோதிப்பது, ஆக்கிரமித்த உபரிநீர்க் கால்வாய்களை மீட்பது, மேலிட உத்தரவுக்குக் காத்திருக்காமல் மேல் கரையிலிருந்து கீழ் கிராமத்துக்கு நேராக எச்சரிக்கை போக வழி செய்வது.

இது ஆந்திராவோடு முடியாது. சித்தூர் பக்கத்துப் பொன்னையாற்றுத் தண்ணீர் ராணிப்பேட்டைக்குத்தான் வருது. அந்த அடுக்கில் கீழ்ப்படி நாமதான்.