அப்பாவின் ஹெரால்டு: விற்பதா, வைத்துக்கொள்வதா?

பொதட்டூர்பேட்டையில் தறிக்கூடத்துக்குப் பக்கத்திலோ, சென்னையில் மாடிப்படிக்குக் கீழேயோ, தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று சில வீடுகளில் நிற்கும். 'அடுத்த பொங்கலுக்குள் ஓட்டிவிடலாம்' என்று சொல்லியே பத்துப் பொங்கல் போயிருக்கும். விற்பதா, தொடர்வதா?

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடவில்லை என்பதற்காக மட்டும் விற்காதீர்கள். இதன் மூலமான டிரயம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகங்கள் விற்கிறார்கள். சிக்கல் தகரத்தில்தான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. பின்கதவு துருப்பிடித்து உதிர்ந்தால் அங்கிருந்து வராது. இன்னொரு பழைய காரில் கழற்ற வேண்டும், அல்லது கைதேர்ந்த டிங்கரிடம் கொடுத்துச் செய்ய வேண்டும். அந்தச் செலவை முதலில் கேளுங்கள்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். அது காலமான அப்பாவின் பெயரிலேயே இருந்தால், படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். உடன்பிறந்தவர்களிடம் பேசி இதை முடிக்காமல் பணத்தைக் கொட்டாதீர்கள். பெயின்ட் காய்வதற்குள் 'கார் யாருக்கு' என்ற சண்டை வந்துவிடும்.

50 வயது தாண்டிய காரை 2021-ல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அன்றாடம் ஓட்ட முடியாது. பழைய உருவமும் மாறியிருக்கக் கூடாது. வேறு இன்ஜின் மாட்டும் முன் யோசியுங்கள்.

தகரமும் ஆர்.சி.யும் சரியாக இருந்தால் தைரியமாகத் தொடருங்கள். தகரம் போய்விட்டதா? வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, ஹெரால்டு வைத்திருக்கும் இன்னொருவருக்கு முறைப்படி விற்றுவிடுங்கள். மழையில் கரைவதைவிட அது மேல்.