வெள்ளை ஒன்றா, பலவா?

வெள்ளை என்பது ஒரே நிறம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிரெஞ்சுச் சித்திரக்காரர் ஊத்ரி 1753-ம் வருஷத்தில் தீட்டிய 'வெள்ளை வாத்து' என்னும் படம் அந்த எண்ணத்தைப் போக்கிவிடும். வெளிறிய சுவரில் தலைகீழாகத் தொங்குகிறது ஒரு வாத்து. அருகே வெண் துணி, வெள்ளித் தண்டில் மெழுகுவத்தி, பாலேடு நிறைந்த பீங்கான் கிண்ணம், ஒரு துண்டுக் காகிதம். யாவும் வெள்ளையே! ஆயினும் இறகின் மென்மை வேறு, வெள்ளியின் குளிர்ச்சி வேறு என்று கண்ணே தொட்டறிந்து சொல்கிறது.

இந்த ஜாலத்தின் மூலம் ஒரு குருவின் பாடம். ஊத்ரியின் இளமையில் அவருடைய ஆசான் லார்ஜில்லியேர் பூங்கொத்து ஒன்று கொண்டுவரச் சொன்னார். சீடர் பல வர்ணப் பூக்களைக் கொணர்ந்தார். எல்லாம் வெண் பூக்களாகவே வேண்டுமென்று ஆசான் திருப்பி அனுப்பினார். பிறகு அவற்றை வெளிறிய பின்னணியில் வைத்து, நிழற்பக்கம் எவ்வளவு கருத்திருக்கிறது என்று காட்டினார். தட்டிலுள்ள சாயம் பூவைக் காட்டிலும் வெண்மை என்பதையும் காட்டினார். 1749-ல் ராஜாங்கச் சித்திர சபையில் ஊத்ரி இதை நன்றியுடன் எடுத்துரைத்தார்.

நாமோ, பெயரைச் சொன்னதும் பொருளைப் பார்த்துவிட்டதாகக் கருதுகிறோம். பிள்ளைகளுக்கும் அதையே கற்பிக்கிறோம். 1992-ல் இங்கிலாந்தின் ஹோட்டன் மாளிகையிலிருந்து அப்படம் களவு போயிற்று. பாடம் மட்டும் களவு போகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் கண் உள்ளவருக்கு அது இன்றும் கிடைக்கும்.