ஊசியும் நூலும்: துணி சொன்ன கதை



தையல் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் ஒரு துண்டுத் துணியைத்தான் கொடுப்பேன். சங்கிலித் தையல், குறுக்குத் தையல் என்று ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பழகவேண்டும். இந்த மாதிரித் துணிக்கு நீண்ட சரித்திரம் உண்டு.

இங்கிலாந்தில் ஆண்டு தைக்கப்பட்டுக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது 1598ஆம் ஆண்டுக்குரியது. பிற்காலத்தில் எட்டு, பத்து வயதுச் சிறுமிகள் எழுத்துகளையும் இலக்கங்களையும் தைத்துப் பழகினார்கள். பெரிய வீடுகளில் படுக்கை விரிப்புகளும் உடுப்புகளும் சலவையில் மாறிப்போகாமல் அடையாளம் தைப்பது வழக்கம். அதனால் வீட்டுவேலைக்குப் போகும் பிள்ளைக்கு இந்தத் தையல் பிழைப்புக்கு வழியாக இருந்தது. பிரிஸ்டல் நகரில் ஜோர்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லங்களின் சிறுமிகள் சிவப்பு நூலால் நுணுக்கமாகத் தைத்த துணிகள் இன்றும் இருக்கின்றன.

எலிசபெத் பாக்கர் என்ற ஏழைப் பெண்ணின் துணி வேறு மாதிரியானது. சசெக்ஸ் பகுதியில் 1813இல் பிறந்தவள். சிறுவயதிலேயே வீட்டுவேலைக்குப் போனாள். எசமான் ஒருவனின் கொடுமைக்கு ஆளானாள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தது. நம்பிய வைத்தியர் ஒருவரிடம் மனம் திறந்தாள். 1830 அளவில் இதையெல்லாம் சிவப்பு நூலால், குறுக்குத் தையலில், வரிவரியாகத் தைத்தாள். பூவும் இல்லை, கரையும் இல்லை. கடைசி வரி பாதியில் நிற்கிறது.

வரி நின்றதே தவிர, அவள் வாழ்வு நிற்கவில்லை. பிறகு தன் ஊரிலேயே ஆசிரியையாக வேலை செய்தாள். 1889வரை வாழ்ந்தாள். அந்தத் துணி இப்போது இலண்டன் விக்ரோறியா அன்ட் அல்பேட் நூதனசாலையில் இருக்கிறது.

இதை எழுதும்போது எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு தங்கையை நினைத்துக்கொண்டேன். மூன்று மாதமாக ஒருவரோடும் கதைக்கவில்லை. ஒருநாள் துணியின் மூலையில் ஒரு பிள்ளையின் பெயரைத் தைத்திருந்தா. நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை தானாகவே சொல்லத் தொடங்கினா.

சகோதரிகளே, நீங்கள் தைக்கும் துணியின் ஓரத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் தையுங்கள். மனம் தாங்காத நாளில் நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதியில் நின்ற வரிக்குப் பிறகும் வாழ்வு இருக்கிறது.