மாயா பெண்களின் மேல்சட்டை: அந்த வடிவம் யாருக்குச் சொந்தம்?

"மாயா" என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காட்டுக்குள் நிற்கும் பிரமிடா? "2012இல் உலகம் அழியப்போகுது" என்று கிளம்பிய வதந்தியா?

மாயா மக்கள் பழங்கதை இல்லீங்க. குவாத்தமாலாவில் 2018இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6 மில்லியனுக்கும் அதிகமானோர் தங்களை மாயா என்று அடையாளப்படுத்தினர். மக்கள்தொகையில் அது சுமார் 42 விழுக்காடு. அங்கு மட்டும் 22 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. மெக்சிகோ, பெலீஸ் நாடுகளிலும் மாயா மக்கள் வாழ்கிறார்கள்.

இப்போது அவர்களின் அன்றாட உடை ஒன்று சட்ட விவகாரமாகியிருக்கிறது.

அது என்ன உடை?

பெயர் 'விப்பில்'. மாயா பெண்கள் அணியும் மேல்சட்டை. தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுவார்கள். மறுமுனையை இடுப்புவாரில் மாட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து நெய்வார்கள். வேலைப்பாடு அதிகம் என்றால் ஒரு சட்டைக்குப் பல மாதங்கள்கூட ஆகும்.

எழுதிவைத்த பாடம் கிடையாது. அம்மா, பாட்டி நெய்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். நிறமும் வடிவமும் ஊருக்கு ஊர் மாறும். சட்டையைப் பார்த்தே 'இவர் இந்த ஊர்க்காரர்' என்று சொல்லிவிடலாம்.

அதுவே ஆபத்தான காலமும் உண்டு. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் 200,000க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல்போயினர். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். ஊர் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே சில பெண்கள் விப்பில் அணிவதை நிறுத்தினர்.

இப்போது என்ன சிக்கல்?

- விப்பில் வடிவங்களை இயந்திரத்தில் அச்சிட்டு மலிவாக விற்கிறார்கள். கையால் நெய்பவரால் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது.
- பழைய விப்பில்களை வாங்கி, வெட்டி, கைப்பை, காலணி என்று தைத்து விற்கிறார்கள். நெய்தவருக்கு அந்த லாபத்தில் பங்கில்லை.
- சுற்றுலா விளம்பரங்களில் இந்த உடைக்கு முதலிடம். ஆனா, அதே உடையை அணிந்து வேலைக்கோ கடைக்கோ போகும் பெண்கள் பாகுபாட்டைச் சந்திக்கிறார்கள்.

காப்புரிமை இருக்கே, போதாதா?

போதவில்லை. காப்புரிமைச் சட்டம் பொதுவாக ஒரு தனிமனிதரையோ நிறுவனத்தையோ உரிமையாளராகப் பார்க்கிறது. உரிமைக்குக் காலவரம்பும் உண்டு. பல தலைமுறைகளாக ஓர் ஊரே சேர்ந்து உருவாக்கிய வடிவத்துக்கு யார் பெயரைப் போடுவது? பெயர் இல்லை என்றால், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை.

அதனால் 2016இல் நெசவாளர் பெண்கள் குவாத்தமாலாவின் அரசமைப்பு நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 'அஃபேடெஸ்' என்ற பெண்கள் சங்கம் முன்னால் நின்றது. சமூகத்தையே உரிமையாளராக ஏற்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 2017இல் நீதிமன்றம், இதற்குச் சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. மசோதாவும் தாக்கலானது. ஆனால் சட்டம் சுலபமாக நகரவில்லை.

அண்டை நாடான மெக்சிகோ 2022இல் பூர்வகுடிகளின் கலாசாரச் சொத்தைப் பாதுகாக்கும் சட்டத்தை நடப்புக்குக் கொண்டுவந்தது. சமூகத்தின் சம்மதம் இல்லாமல் வடிவங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை அது தடுக்கிறது.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிடுமா?

கேள்விகள் மிச்சம் இருக்கும். ஒரே வடிவத்துக்கு இரண்டு ஊர்கள் உரிமை கோரினால்? சமூகத்தின் சார்பில் யார் கையெழுத்திடுவது? வரும் பணம் நெசவாளர் கைக்குப் போய்ச் சேருமா? இவற்றுக்கு விடை சொல்லாத சட்டம் காகிதத்திலேயே நின்றுவிடும்.

இதில் உங்களுக்கு என்ன வேலை?

இணையத்தில் 'மாயா டிசைன்' பை ஒன்று கண்ணில் பட்டால், வாங்குமுன் இரண்டு விவரம் பாருங்கள்: யார் நெய்தது? எந்த ஊர்? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் விற்கும் பொருள்களில் அந்த விவரம் பெரும்பாலும் இருக்கும். 'எத்னிக்' என்று மட்டும் போட்டிருந்தால், விற்பவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.